சார்புடைய கூறுகளைக் கொண்ட அமைப்புகளின் நம்பகத்தன்மை

சார்புடைய கூறுகளைக் கொண்ட அமைப்புகளின் நம்பகத்தன்மை என்பது, ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் உறுப்புகளால் ஆன ஒரு பொறியியல் அமைப்பு, குறிப்பிட்ட காலம்வரை பழுதின்றிச் செயற்படுவதற்கான நிகழ்தகவைக் கணிக்கும் துறையாகும். இது நம்பகத்தன்மைப் பொறியியலின் ஒரு பிரிவு. நிகழ்தகவுக் கோட்பாடு, புள்ளியியல், வலையமைப்புக் கோட்பாடு ஆகியவற்றை இது பயன்படுத்துகிறது. மின்தொகுப்புகள், அணுமின் நிலையங்கள், வானூர்திகள், குடிநீர் வழங்கல், தொலைத்தொடர்பு போன்றவற்றின் பாதுகாப்பு இக்கணிப்பைப் பெரிதும் நம்பியுள்ளது.

ஒரு கூறு பழுதடைவது மற்றொரு கூறு பழுதடைவதைப் பாதிக்காது என்று கொள்வது கணக்கை எளிதாக்கும். ஆனால் உண்மையான அமைப்புகளில் இந்த எடுகோள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அவ்வாறு பொருந்தாத இடங்களில், மாற்றேற்பாடுகள் தரும் பாதுகாப்பு தாளில் காட்டப்படுவதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கக்கூடும்.

அடிப்படைக் கருத்துகள்

ஓர் அமைப்பின் உறுப்புகள் இரண்டு அடிப்படை முறைகளில் இணைக்கப்படுகின்றன.

தொடர் அமைப்பு: எல்லாக் கூறுகளும் இயங்கினால் மட்டுமே அமைப்பு இயங்கும். கைத்தறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காஞ்சிபுரம் நகரின் ஒரு பகுதியான பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர்கள் மிகுந்து வாழும் இடமாகும். அங்குள்ள ஒரு பட்டுத்தறியில் மிதிபலகை, விழுது, அச்சு, நாடா, சக்கார்டுப் பெட்டி ஆகிய ஐந்தில் எது கெட்டாலும் நெசவு நின்றுவிடும். ஒவ்வோர் உறுப்பும் ஒரு வாரம் பழுதின்றி இயங்கும் நிகழ்தகவு 0.99 என்றும், அவை சார்பற்றவை என்றும் கொண்டால், தறியின் நம்பகத்தன்மை 0.99-ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைக்கும் 0.951 ஆகும். தொடர் அமைப்பில் உறுப்புகள் கூடக்கூட நம்பகத்தன்மை குறையும்.

இணை அமைப்பு: கூறுகளில் ஏதேனும் ஒன்று இயங்கினாலே அமைப்பு இயங்கும். ஒரு தேவைக்கு இரண்டு பம்புகளை வைத்திருப்பது இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு பம்பு தேவைப்படும்போது இயங்காமற்போகும் நிகழ்தகவு 0.01 எனில், சார்பற்ற இரண்டு பம்புகளும் ஒருங்கே இயங்காமற்போகும் நிகழ்தகவு 0.01 × 0.01 = 0.0001, அதாவது 10,000-இல் 1 ஆகும். மூன்று பம்புகள் இருந்தால் அது 10 லட்சத்தில் 1 ஆகக் குறையும்.

இந்த எண்கள் கவர்ச்சியானவை. மலிவான, சுமாரான உறுப்புகளை இரட்டித்தும் மும்மடங்காக்கியும் மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுவிடலாம் என்று இவை சொல்வதுபோல் தோன்றும். ஆனால் இங்கு செய்யப்பட்ட பெருக்கல், சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே செல்லும். இரண்டு பம்புகளும் ஒரே அறையில் இருந்து, அந்த அறையில் வெள்ளம் புகுந்தால், முதற் பம்பு நின்றபின் இரண்டாவது பம்பும் நிற்பதற்கான நிகழ்தகவு 0.01 அன்று, அது ஏறத்தாழ 1 ஆகும்.

சார்பின் வகைகள்

கூறுகளுக்கிடையேயான சார்பு பல வழிகளில் உண்டாகிறது. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

* செயற்பாட்டுச் சார்பு: ஒரு கூறு இயங்க மற்றொரு கூறின் வெளியீடு தேவைப்படுதல். காஞ்சிபுரம் பட்டின் கோர்வை முறையில் இரு கரைகளுக்கும் உடலுக்கும் தனித்தனி நாடாக்கள் பயன்படுகின்றன. மரபுமுறையில் இதற்கு நெசவாளருடன் ஓர் உதவியாளரும் தேவை. உதவியாளர் இல்லாத நாளில், நல்ல நிலையில் உள்ள தறியும் நெய்ய இயலாத தறியாகவே இருக்கும்.
* பொதுக் காரணச் செயலிழப்பு: வெள்ளம், தீ, நிலநடுக்கம், மின்தடை, ஒரே வடிவமைப்புத் தவறு, ஒரே பராமரிப்புத் தவறு போன்ற தனியொரு காரணத்தால் பல கூறுகள் ஒருங்கே பழுதடைதல்.
* சுமைப் பகிர்வு: பல கூறுகள் ஒரு சுமையைப் பகிர்ந்து தாங்கும்போது, ஒன்று விழுந்தால் அதன் பங்கு எஞ்சியவற்றின்மேல் ஏறுதல்.
* தொடர்விளைவுச் செயலிழப்பு: ஒரு கூறின் பழுது அடுத்ததைப் பழுதாக்கி, அது அதற்கடுத்ததைப் பழுதாக்கிச் சங்கிலிபோலப் பரவுதல்.
* இருவழிச் சார்பு: இரண்டு அமைப்புகள் ஒன்றுக்கொன்று உள்ளீடாக அமைதல். மின்நிலையத்துக்குத் தொலைத்தொடர்பும், தொலைத்தொடர்புக்கு மின்சாரமும் தேவைப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு.

நாட்டின் அடிப்படைக் கட்டமைப்புகளுக்கிடையேயான சார்புகளை ரினால்டி, பியரன்பூம், கெல்லி ஆகியோர் 2001 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் நான்காக வகுத்தனர். அவை பொருள்சார் சார்பு, தகவல்வழிச் சார்பு, இடம்சார் சார்பு, இவை மூன்றிலும் அடங்காத முடிவுகள், கொள்கைகள் முதலியவற்றால் உண்டாகும் சார்பு என்பனவாகும்.

வரலாறு

இத்துறையின் தொடக்கக் கருத்துகள் சில நூலிலிருந்தே பிறந்தன. இங்கிலாந்தில் பருத்தித் தொழில் ஆய்வில் ஈடுபட்டிருந்த எஃப். டி. பியர்ஸ் 1926 ஆம் ஆண்டு, ஓர் இழையின் வலிமை அதன் மிக நலிந்த பகுதியின் வலிமையே என்ற கருத்தைக் கணித வடிவில் தந்தார். இது தொடர் அமைப்பைப் பற்றியது. கம்பளித் தொழில் ஆய்வில் பணியாற்றிய எச். ஈ. டேனியல்ஸ் 1945 ஆம் ஆண்டு, பல இழைகள் சேர்ந்த கற்றையின் வலிமையை ஆராய்ந்தார். ஓர் இழை அறுந்தால் அதன் சுமை மற்ற இழைகளுக்குப் போகும் என்பதைக் கணக்கில் கொண்ட அவரது கோட்பாடு, இன்று கம்பிவடங்கள், கலப்புப் பொருட்கள், மின்தொகுப்புகள்வரை பயன்படும் சுமைப் பகிர்வு மாதிரிகளுக்கு முன்னோடியாகும்.

ஜான் பிராயிண்ட் 1961 ஆம் ஆண்டு, ஒன்று பழுதானபின் மற்றதன் செயலிழப்பு வீதம் மாறும் இரு கூறுகளுக்கான பரவலை வெளியிட்டார். 1967 ஆம் ஆண்டு ஆல்பர்ட் மார்ஷலும் இங்கிராம் ஆல்கினும் பொது அதிர்ச்சிகளால் தாக்கப்படும் கூறுகளுக்கான மாதிரியை உருவாக்கினர். ஐக்கிய அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு வெளியான அணுவுலைப் பாதுகாப்பு ஆய்வு, பொதுக் காரணச் செயலிழப்பின் முக்கியத்துவத்தை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் கார்ல் பிளெமிங் பீட்டா காரணி மாதிரியை முன்வைத்தார்.

கணித மாதிரிகள்

பீட்டா காரணி மாதிரி

ஒரு கூறின் மொத்தச் செயலிழப்பு நிகழ்தகவில், எல்லாக் கூறுகளையும் ஒருங்கே வீழ்த்தும் பொதுக் காரணங்களால் விளையும் பங்கு பீட்டா எனப்படும். எஞ்சிய பங்கு அக்கூறுக்கே உரிய தனிக் காரணங்களால் விளைவது.

மேலே கண்ட பம்பையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் செயலிழப்பு நிகழ்தகவு 0.01, பீட்டா 0.1 எனக் கொண்டால், பொதுக் காரணப் பங்கு 0.001, தனிப் பங்கு 0.009 ஆகும். அப்போது,

* இரண்டு பம்புகளும் செயலிழத்தல்: 0.009 × 0.009 + 0.001 = 0.00108 (தோராயமாக)
* மூன்று பம்புகளும் செயலிழத்தல்: 0.009 × 0.009 × 0.009 + 0.001 = 0.001001 (தோராயமாக)

இரண்டு பம்புகளுக்கு 10,000-இல் 1 என்றிருந்த மதிப்பு ஏறத்தாழ 11 மடங்கு உயர்ந்துவிட்டது. மூன்று பம்புகளுக்கோ அது ஆயிரம் மடங்கு உயர்ந்துவிட்டது. மேலும், மூன்றாவது பம்பை வாங்கி வைத்ததால் கிடைத்த பயன் மிகச் சிறிதே. நான்காவதும் ஐந்தாவதும் இருந்தாலும் நிகழ்தகவு 0.001-க்குக் கீழே இறங்காது. பத்தில் ஒரு பங்கே ஆன பொதுக் காரணம், அமைப்பின் நம்பகத்தன்மைக்கு எல்லை கட்டிவிடுகிறது.

இந்த மாதிரி எளிமையானது என்பதால் பரவலாகப் பயன்படுகிறது. பொதுக் காரணம் வந்தால் எல்லாக் கூறுகளும் விழும் என்று கொள்வது இதன் குறைபாடு. மூன்றில் இரண்டு மட்டும் விழுவது போன்ற நிலைகளையும் கருத்திற்கொள்ளப் பல கிரேக்க எழுத்து மாதிரி, ஆல்பா காரணி மாதிரி ஆகியவை 1980களில் உருவாக்கப்பட்டன.

பொது அதிர்ச்சி மாதிரி

மார்ஷல், ஆல்கின் மாதிரியில் மூன்று வகை அதிர்ச்சிகள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்கின்றன. ஒன்று முதற்கூறை மட்டும் தாக்கும். மற்றொன்று இரண்டாங்கூறை மட்டும் தாக்கும். மூன்றாவது இரண்டையும் தாக்கும். தனி அதிர்ச்சிகள் ஒவ்வொன்றும் சராசரியாக 10 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பொது அதிர்ச்சி 20 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் நிகழ்வதாகக் கொள்வோம். ஓராண்டில் இரு கூறுகளும் செயலிழக்கும் நிகழ்தகவு 0.057 ஆகும். ஒவ்வொரு கூறின் செயலிழப்பையும் தனித்தனியே அளந்து, சார்பின்மை என்ற எடுகோளில் பெருக்கியிருந்தால் 0.019 என்றே கிடைத்திருக்கும். உண்மை மதிப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதே எண்கள் தொடர் அமைப்பில் எதிர்விளைவைத் தருகின்றன. இரு கூறுகளும் ஓராண்டு முழுதும் பிழைத்திருக்கும் நிகழ்தகவு, சார்பின்மை எடுகோளில் 0.741, உண்மையில் 0.779. கூறுகள் சேர்ந்தே பிழைத்துச் சேர்ந்தே வீழ்வதால், தொடர் அமைப்பு கணித்ததைவிடச் சற்று நன்றாகவே இயங்கும். ஆகவே இத்தகைய சார்பு எல்லா இடத்திலும் தீங்கு செய்வதில்லை. மாற்றேற்பாட்டை நம்பியுள்ள இடத்தில்தான் அது தீங்கு செய்கிறது.

சுமைப் பகிர்வு மாதிரி

நான்கு இழைகள் கொண்ட ஒரு கற்றையைக் கருதுவோம். அவை தாங்கக்கூடிய எடைகள் முறையே 60, 70, 90, 100 கிராம். இவற்றின் கூட்டுத்தொகை 320 கிராம். ஆனால் அந்தக் கற்றை 320 கிராமைத் தாங்காது. 250 கிராம் தொங்கவிட்டால் ஒவ்வோர் இழைக்கும் 62.5 கிராம் வரும். 60 கிராம் இழை அறும். எஞ்சிய மூன்றுக்கும் 83.3 கிராம் வரும்; 70 கிராம் இழை அறும். பின் இரண்டுக்கும் 125 கிராம் வர, இரண்டும் அறும். இக்கற்றை தாங்கக்கூடிய மிகுந்த எடை 240 கிராம் மட்டுமே. முதல் இழை அறுந்த நொடியிலேயே முழுக் கற்றையின் முடிவும் தீர்மானமாகிவிடுகிறது.

காலத்தைப் பொறுத்த நம்பகத்தன்மையிலும் இதே நிலைதான். இரண்டு கூறுகள் பாதிச்சுமையைத் தாங்கும்போது ஒவ்வொன்றின் சராசரி ஆயுள் 12 மாதங்கள் என்றும், செயலிழப்பு வீதம் காலத்தால் மாறாதது என்றும் கொள்வோம். முதற் பழுது நேர ஆகும் சராசரிக் காலம் 6 மாதங்கள். அதன்பின் எஞ்சிய கூறு பழையபடியே இருக்குமானால் மேலும் 12 மாதங்கள் இயங்கும். அமைப்பின் சராசரி ஆயுள் 18 மாதங்கள். முழுச்சுமையால் அதன் செயலிழப்பு வீதம் இரு மடங்கானால் 6 + 6 = 12 மாதங்கள். நான்கு மடங்கானால் 6 + 3 = 9 மாதங்கள் மட்டுமே.

சூழல் மாதிரி

சில வேளைகளில் கூறுகள் ஒன்றையொன்று நேரடியாகப் பாதிப்பதில்லை. ஆனால் ஒரே சூழலுக்கு உட்பட்டிருக்கின்றன. பிள்ளையார்பாளையத்தின் குழித்தறிகள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். குழித்தறியில் மிதிபலகைகள் தரைக்குக் கீழே தோண்டப்பட்ட குழியில் இருக்கும். நெசவாளர் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு அமர்ந்து நெய்வார். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது குழியில் நீர் ஊறும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தும் வேலையும் நின்றுபோகும். நாள்தோறும் நெய்து கூலி பெறும் குடும்பத்துக்கு இது வருமான இழப்பாகும்.

ஒரு வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருப்பதாகவும், நூற்றில் 10 நாட்கள் கனமழை நாட்கள் எனவும் கொள்வோம். ஒரு தறி நிற்கும் நிகழ்தகவு மற்ற நாட்களில் 0.02, கனமழை நாட்களில் 0.6 என்க. (இவை விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எண்கள்.) ஒரு தறி நிற்கும் சராசரி நிகழ்தகவு 0.9 × 0.02 + 0.1 × 0.6 = 0.078. இதை இருமுறை பெருக்கினால், இரு தறிகளும் ஒருங்கே நிற்கும் நிகழ்தகவு 0.0061 என வரும். ஆனால் சூழலைப் பிரித்துக் கணக்கிட்டால் அது 0.9 × 0.0004 + 0.1 × 0.36 = 0.0364 ஆகும். இது ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதி. ஒரு தறி நின்றாலும் மற்றொன்று சோறு போடும் என்ற நம்பிக்கை, அதற்கான தேவை எழும் அதே நாட்களில்தான் பொய்க்கிறது. தறிகளில் மின்மோட்டாரால் தூக்கப்படும் சக்கார்டுப் பெட்டிகள் பொருத்தப்பட்டால், மின்தடையும் இவ்வகைப் பொதுச் சூழலாகிவிடும்.

மார்க்கோவ் மாதிரி, பிழை மரம், பேயசு வலை

பழுதுபார்த்தலையும் கணக்கில் கொள்ள வேண்டுமானால் மார்க்கோவ் மாதிரி பயன்படும். இதில் "இரண்டும் இயங்குகின்றன", "ஒன்று பழுது", "இரண்டும் பழுது" என அமைப்பின் நிலைகள் வரையறுக்கப்பட்டு, ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீதங்கள் குறிக்கப்படும். பழுதுபார்ப்பவர் ஒருவரே இருப்பதும் ஒருவகைச் சார்பு என்பதை இம்மாதிரி எளிதில் காட்டும். கூறுகள் கூடும்போது நிலைகளின் எண்ணிக்கை மிக விரைவாகப் பெருகுவது இதன் குறைபாடு. பத்துக் கூறுகளுக்கே 1,024 நிலைகள் உண்டு.

பிழை மரம், ஒரு தீய நிகழ்ச்சியை உச்சியில் வைத்து, அது நிகழ எவையெவை சேர வேண்டும் என்று கீழ்நோக்கி ஆராயும் வரைபடமாகும். பொதுக் காரணத்தைத் தனி நிகழ்ச்சியாக மரத்தில் சேர்த்தால்தான் சார்பு வெளிப்படும். சேர்க்க மறந்தால் கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகும். பேயசு வலைகள் கூறுகளுக்கிடையேயான நிபந்தனை நிகழ்தகவுகளை நேரடியாகக் குறிக்கின்றன. புதிய தகவல் கிடைக்குந்தோறும் கணிப்பைத் திருத்திக்கொள்ளவும் உதவுகின்றன.

ஒன்றையொன்று சார்ந்த வலையமைப்புகள்

2003 செப்டம்பர் 28 அன்று இத்தாலியில் ஏற்பட்ட பெரும் மின்தடை, இத்துறையில் புதிய ஆய்வுக்கு வழிவகுத்தது. மின்நிலையங்கள் நின்றதால் அவற்றைச் சார்ந்த தொடர்புக் கணுக்கள் செயலிழந்தன; அக்கணுக்களைக் கொண்டு கட்டுப்படுத்தப்பட்ட மேலும் சில மின்நிலையங்கள் அதனால் நின்றன. இந்நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு புல்டிரெவ், ஸ்டான்லி, ஹேவ்லின் முதலியோர் 2010 ஆம் ஆண்டு ஒரு மாதிரியை வெளியிட்டனர். தனித்திருக்கும் வலையமைப்பு கணுக்களை இழக்க இழக்கப் படிப்படியாக நலிகிறது. ஒன்றையொன்று சார்ந்த இரு வலையமைப்புகளோ, ஓர் எல்லைவரை தாங்கி, அதைத் தாண்டியதும் திடீரெனச் சரிந்துவிடுகின்றன என்பது அவர்களது முடிவாகும். படிப்படியாக நலியும் அமைப்பு முன்னெச்சரிக்கை தரும். திடீரெனச் சரியும் அமைப்பு தராது.

உண்மை நிகழ்வுகள்

நரோரா, 1993

உத்தரப் பிரதேசத்தில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தின் முதல் அலகில் 1993 மார்ச் 31 அன்று விசையாழியின் அலகுகள் உடைந்தன. அதனால் ஏற்பட்ட அதிர்வில் ஐதரசன் வளிமம் கசிந்து தீப்பற்றியது. தீ, மின்வடங்கள் வழியே பரவியது. ஒன்றுக்கொன்று மாற்றாக அமைந்த மின்வழங்கல்களின் வடங்கள் போதிய தடுப்பின்றி அருகருகே சென்றதால், அவை ஒருங்கே எரிந்தன. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் முழு மின்னிழப்பில் இருந்தது. உலை உடனே நிறுத்தப்பட்டது. டீசல் எந்திரத்தால் இயங்கும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீர் செலுத்தி உலையின் எஞ்சிய வெப்பத்தை ஊழியர்கள் அகற்றினர். கதிரியக்கப் பாதிப்பு நேரவில்லை. பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் இது 3 ஆம் நிலையில் வைக்கப்பட்டது. எல்லா மின்வழங்கல்களும் இழக்கப்பட்டபோது உதவியது, அவற்றைச் சாராத டீசல் பம்பே என்பது குறிப்பிடத்தக்கது.

கல்பாக்கம், 2004

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம், 2004 ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. (2019 முதல் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.) 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது அதன் இரண்டாம் அலகு இயங்கிக்கொண்டிருந்தது, முதல் அலகு குளிர்விப்புக் குழாய்களை மாற்றும் நீண்ட பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் உள்வரும் சுரங்கவழியாகப் பம்பு இல்லத்துக்குள் நீர் ஏறியது. ஒன்றுக்கொன்று மாற்றாக இருந்த கடல்நீர்ப் பம்புகள் பல, ஒரே காரணத்தால் சில நிமிடங்களில் செயலிழந்தன. பீட்டா காரணி மாதிரி சொல்லும் நிலையே இது.

எனினும் சார்பு அத்துடன் நின்றது. நிலையத்தின் மின்வழங்கல் பாதிக்கப்படவில்லை. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2005 ஜனவரி தொடக்கத்திலேயே மீண்டும் இயக்கப்பட்டது. அருகில் அடித்தளப் பணி நடந்துகொண்டிருந்த ஈனுலையின் குழியில் கடல்நீர் நிறைந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்புகள் நேர்ந்தன.

இதை 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுசிமா டாய்ச்சியில் நேர்ந்ததுடன் ஒப்பிடலாம். அங்கு நிலநடுக்கத்தால் வெளி மின்சாரமும், அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையால் நெருக்கடிகால டீசல் மின்னாக்கிகளும் இழக்கப்பட்டன. நீர் புகக்கூடிய தாழ்ந்த தளங்களிலேயே பெரும்பாலான மின்னாக்கிகளும் மின்பகிர்வுப் பலகைகளும் அமைந்திருந்தன. ஆறாம் உலைக்குரிய, காற்றால் குளிர்விக்கப்படும் மின்னாக்கி ஒன்று மட்டும் தொடர்ந்து இயங்கியது. அதைக்கொண்டே ஐந்தாம், ஆறாம் உலைகள் காப்பாற்றப்பட்டன. மூன்று உலைகளின் உள்ளகங்கள் உருகின.

வட இந்திய மின்தடை, 2012

2012 ஜூலை 30 அதிகாலையில் பினா - குவாலியர் 400 கிலோவோல்ட்டு மின்வழி துண்டிக்கப்பட்டது. இணையாகச் செல்ல வேண்டிய மற்றொரு சுற்று மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், இவ்வழியில் மிகுந்த சுமை இருந்தது. வழியில் பழுது எதுவும் இல்லை. மிகுசுமையைப் பழுதாகக் கொண்டு காப்புணர்த்தி அதைத் துண்டித்தது. அதன் சுமை மற்ற வழிகளில் ஏற, அவையும் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. வடக்கு மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் ஜூலை 31 அன்று பிற்பகல் 1 மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் சரிந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட்டு வழங்கல் இழக்கப்பட்டது. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தொடர்வண்டிகள் நடுவழியில் நின்றன; மேற்கு வங்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் மின்தூக்கிகள் இயங்காமல் நிலத்தடியில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். இழைக் கற்றை அறுவதற்கும் இதற்கும் கணித அடிப்படையில் வேறுபாடு சிறிதே.

தமிழ்நாட்டை உள்ளடக்கிய தெற்குத் தொகுப்பு அப்போது மற்றவற்றுடன் உயர் அழுத்த நேர்மின் இணைப்புகளால் மட்டுமே இணைந்திருந்ததால், இச்சரிவு அதனுள் பரவவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்வழி மூலம் தெற்குத் தொகுப்பும் ஒத்திசைவாக இணைக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் தொகுப்பாயிற்று. இதனால் பற்றாக்குறைக் காலத்தில் மின்சாரம் பெறுவது எளிதாகியது. அதே வேளையில், பிரிந்திருந்ததால் கிடைத்த காப்பு இல்லாமற்போயிற்று. இணைப்பு நன்மையையும் சார்பையும் ஒருங்கே கொண்டுவருவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வடிவமைப்பில் பயன்பாடு

சார்பைக் கணக்கில் கொண்ட ஆய்வு, எத்தனை மாற்றுக்கூறுகள் என்ற கேள்வியைவிட, அவை எவ்வளவு வேறுபட்டவை என்ற கேள்வியை முன்னிறுத்துகிறது. சார்பைக் குறைக்கக் கையாளப்படும் முறைகள்:

* இடப் பிரிப்பு: மாற்றுக்கூறுகளை வெவ்வேறு அறைகளிலும் வெவ்வேறு உயரங்களிலும் அமைத்தல், மின்வடங்களை வெவ்வேறு வழிகளில் கொண்டுசெல்லுதல்.
* பன்மை: ஒரே பணிக்கு வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்துதல். மின்பம்புக்கு மாற்றாக டீசல் பம்பும், நீர்க்குளிர்விப்புக்கு மாற்றாகக் காற்றுக்குளிர்விப்பும் இவ்வகையின.
* துண்டிப்பு: சுமை மிகும்போது ஒரு பகுதியைத் தனித்தீவாகப் பிரித்து, சரிவு பரவாமல் தடுத்தல்.
* சுமை ஒதுக்கு: எந்த ஒரு கூறு விழுந்தாலும் மற்றவை அதன் சுமையையும் தாங்குமாறு இயல்பான சுமையைக் குறைத்து வைத்தல்.
* பராமரிப்பு வேறுபாடு: எல்லா மாற்றுக்கூறுகளையும் ஒரே நாளில் ஒரே குழுவினர் பிரித்துப் பூட்டுவதைத் தவிர்த்தல்.

1989 ஜூலை 19 அன்று ஐக்கிய அமெரிக்காவின் சூ நகரில் விழுந்த டிசி-10 வானூர்தியில் மூன்று தனித்தனி நீரியல் அமைப்புகள் இருந்தன. வால்பகுதி எந்திரம் சிதறியபோது, மூன்றின் குழாய்களும் அங்கு அருகருகே சென்றதால் மூன்றும் இழக்கப்பட்டன. 296 பேரில் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எண்ணிக்கையில் மூன்று என்பது இடத்தில் ஒன்றாகிவிட்டது.

வரம்புகள்

இம்மாதிரிகளின் முதன்மையான இடர்ப்பாடு தரவுப் பற்றாக்குறையாகும். பல கூறுகள் ஒருங்கே விழும் நிகழ்வுகள் அரியவை. எனவே பீட்டா போன்ற மதிப்புகள் பிற நிலையங்களின் பட்டறிவிலிருந்தும், வல்லுநர் கருத்திலிருந்தும், சரிபார்ப்புப் பட்டியல்களிலிருந்தும் பெறப்படுகின்றன. இரண்டாவதாக, எந்த மாதிரியும் தன்னுள் எழுதப்பட்ட சார்புகளை மட்டுமே கணக்கிடும். எவரும் எண்ணிப்பாராத சார்பு கணக்கில் வராது. மூன்றாவதாக, அமைப்புகள் காலப்போக்கில் மாறுகின்றன. தொடக்கத்தில் சார்பற்றவையாக இருந்த இரு கூறுகள், பின்னர் ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளாலோ ஒரே மின்வழியாலோ இணைக்கப்படக்கூடும். ஆகவே கணிப்போடு நிற்காமல், நிலையத்தை நேரில் நடந்து பார்த்து, எவையெவை ஒரே அறையில், ஒரே தளத்தில், ஒரே வடத்தில் உள்ளன என்று அவ்வப்போது பட்டியலிடுவதும் இத்துறையில் நடைமுறையாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* நிகழ்தகவு
* நிபந்தனை நிகழ்தகவு
* நம்பகத்தன்மைப் பொறியியல்
* மார்க்கோவ் சங்கிலி
* சென்னை அணுமின் நிலையம்
* காஞ்சிபுரம் பட்டு
* கைத்தறி